உயரத்தில் செத்த தீ

அத்தியாயம் 4

இந்த வழக்கில் செத்தது ஒரு தீ. உடல் கிடைக்கவில்லை. கொஞ்சம் புகை இருந்தது. அதையும் விசிறி வைத்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

"கொலைன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் என் உதவியாளர்.

"சந்தேகமே இல்லை," என்றார் எங்களை அழைத்திருந்த பாதுகாப்பு அதிகாரி. அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. விமான எஞ்சின்களைச் சோதிக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயரே விசில்தான் என்று வாசல் காவலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"தீ தானா அணையாதா?"

"அணையும். ஆனா நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த தீ, அதே இடத்துல, திரும்பத் திரும்ப அணையாது மேடம்."

"எங்க வீட்டு அடுப்பு அப்படித்தான் அணையுது. நான் யாரையும் பிடிச்சுக் குடுக்கலை."

என் உதவியாளர் என் மாமியார். இதை எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் போடவில்லை. தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் இறந்த பிறகு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தார். பெட்டியை இன்னும் முழுக்கப் பிரிக்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. முதலில் என் கோப்புகளை அடுக்கினார். பிறகு, நான் பேசாமல் இருக்கும் இடங்களில் எனக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தார். நான் பேசாத இடங்கள் நிறைய. தொழில் வளர்ந்தது.

விசில் எங்களைச் சோதனைக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். கூரை முழுக்கப் பளீர் விளக்குகள். நடுவே, ஒரு லாரி நுழையும் அளவுக்கு ஓர் இரும்புத் தொட்டி படுத்துக் கிடந்தது. அதற்குள் இருக்கும் காற்றைப் பம்புகள் உறிஞ்சி மெலிதாக்கும். இன்னொரு யந்திரம் அதைக் குளிர வைக்கும். தொட்டி தரையில்தான் இருக்கும். உள்ளே மட்டும் விமானங்கள் பறக்கும் உயரத்து வானம்.

"டிக்கெட் எடுக்காம மேல போயிட்டு வரலாம்னு சொல்லுங்க," என்றார் அத்தை.

தொட்டியின் தடித்த கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். உடம்பெல்லாம் துளைகளோடு ஓர் உலோகக் குடம் தெரிந்தது. எரிகலன். எஞ்சினின் வயிறு அது என்றார் விசில். ஒரு முனையில் மண்ணெண்ணெய் பொடித்துளிகளாகப் பீறிடும், பிளக் பொறி வைக்கும், புயல் வேகத்தில் காற்று உள்ளே ஓடும். அந்தப் புயலுக்குள் தீ நிற்க வேண்டும். அதற்காகக் காற்றைச் சுழல விட்டு நடுவில் ஒரு மறைவு உண்டாக்குகிறார்கள். தீ அந்த மறைவில் ஒதுங்கி நின்று பிழைக்கிறது.

போன மாதம் இதே குடத்தில், இதே உயரத்தில் தீ நின்றிருக்கிறது. இந்த மாதம் தரையில் நன்றாக எரிகிறது. காற்றை உறிஞ்சி உறிஞ்சி வானத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஓர் உயரம் தாண்டியதும் அணைந்துவிடுகிறது. மறுபடி பொறி வைத்தாலும் பற்றுவதில்லை. நிஜ விமானத்தில் இப்படி நடந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று விசில் விளக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் தங்கையைப் பார்க்க விமானத்தில் போக வேண்டியிருக்கிறது, அதனால் வேண்டாம் என்றார் அத்தை.

இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதானாம். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறார் அந்தப் பிரிவின் பொறியாளர். அவருக்குப் பட்டப்பெயர் ஸ்பார்க். சோதனைக்குத் தலைமை வகிப்பவர் எரிப்பைப் படித்த பெண் பொறியாளர்; அவரை எல்லோரும் தீ மேடம் என்பார்கள். தலைமைப் பதவி ஸ்பார்க்குக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, தீ மேடத்துக்கு வந்துவிட்டது. ஸ்பார்க் பொறாமையில் பிளக்கைக் கெடுத்துவிட்டார் என்பது விசிலின் முடிவு. இயக்குநர் பணிநீக்க உத்தரவைத் தயாராக வைத்திருந்தார். அலுவலகம் முடிவதற்குள் கையெழுத்து போடுவார். குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை, நிரூபித்தால் போதும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

"இன்னொரு விஷயம்," என்று குரலைத் தாழ்த்தினார் விசில். "அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி."

அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதை வாசல்லயே சொல்லியிருக்கலாமே."

ஸ்பார்க் தன் பட்டறையில், கைகளை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். வேலையைத் தொடக் கூடாது என்று உத்தரவாம். மேசைமேல் கட்டைவிரல் பருமனில் பிளக்குகள் வரிசையாக நின்றன. வழக்கில் மாட்டிய பிளக்கை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, ஜாடியின் காற்றை உறிஞ்சிவிட்டு, பட்டனை அழுத்திக் காட்டினார். மெலிந்த காற்றிலும் பொறி கொழுகொழுவென்று விழுந்தது. டிக், டிக், டிக். இதை இயக்குநரிடமும் காட்டினாராம். இங்கே வேலை செய்கிறது, அங்கே செய்யவில்லை என்றால் அங்கே நீதான் ஏதோ செய்திருக்கிறாய் என்று இயக்குநர் சொன்னாராம்.

"நல்லா வேலை செஞ்சதுதான் உங்க தப்பு," என்றார் அத்தை.

வேறு யாராவது தொட்டிக்குள் போனார்களா என்று கேட்டேன். யாரும் போகவில்லை என்றார். பதவி போனதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார், யோசிக்காமல். அந்த ஒரு பதிலால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. பொய் சொல்கிறவர்கள் அந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள்.

"வேலை போனா போகட்டும் சார். வேற வேலை தேடிக்கலாம்," என்றார். "அவளும் என்னை நம்பலை. அதுதான்."

"நம்பலைன்னு வாயால சொன்னாளா?" என்று அத்தை கேட்டார்.

"இல்லை. வீட்டுக்குப் போனா சாப்பாட்டை மூடி வெச்சுட்டுப் படுத்துடறா."

"மூடித்தானே வெச்சிருக்கா? திறந்து போட்டுட்டுப் போகலையே. அப்போ கேஸ் இன்னும் முடியலை."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பிளக் ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார். தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்து வைத்துவிட்டார்.

தீ மேடம் தொட்டியின் பக்கத்திலேயே கட்டுப்பாட்டு மேசையில் இருந்தார். மெலிந்த முகம், தூங்காத கண்கள். அவர் பேச்சில் ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை. எரிபொருள் அதேதான், காற்று அதேதான், எரிகலன் அதேதான். கழற்றி மாட்டியது பிளக் ஒன்றை மட்டும்தான். இயக்குநர் கேட்டதற்கு அதைத்தான் சொன்னாராம். புருஷன் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது என்றார்.

"பொய் வேண்டாம்மா. கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்," என்றார் அத்தை.

"அவர் முகத்தைப் பார்த்தா சொல்ல வராதுன்னு வேகமா சொல்லிட்டேன்."

அத்தை அதற்கு மேல் குடையவில்லை. நான் தீயைப் பற்றிக் கேட்டேன். அவர் குரல் மாறியது. பிடித்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். மேலே காற்று மெலிந்தும் குளிர்ந்தும் இருக்கும். மண்ணெண்ணெய்த் துளிகள் ஆவியாக அடம்பிடிக்கும். எரிவதும் மெதுவாகும். அதே நேரம் காற்றோட்டம் தீயைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். தரையில் மஞ்சளாகக் கொழுத்து எரியும் தீ, மேலே போகப் போக இளைக்கும். தீக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது உள்ளே ஒளிரும் கரித்தூள். மெலிந்த காற்றில் கரி அவ்வளவாக உண்டாகாது. அதனால் தீ வெளுத்து நீலமாகிவிடும். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் செத்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிவப்பு விளக்கு எரியும், எண்ணெய் நிற்கும், சூடு இறங்கும் என்றார். மூன்று சாட்சிகள். மூன்றும் ஒரே கதை சொல்கின்றன. என் தொழிலில் அப்படி நடந்தால் மூவரையும் தனித்தனியே விசாரிப்பது வழக்கம்.

ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னேன். தொட்டிச் சுவரில் ஒரு மைக் ஒட்டியிருந்தது. யந்திரம் அதிர்கிறதா என்று கேட்பதற்கு. அதன் ஹெட்போனை அத்தை யாரையும் கேட்காமல் மாட்டிக்கொண்டார். காலம் முழுக்க அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். காதில் வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

தரையில் தீ பற்றியது. சன்னலில் நல்ல மஞ்சள். பம்புகள் உறுமின. உயரம் ஏறியது. மஞ்சள் குறைந்தது, சன்னல் வெறிச்சென்று ஆனது, சிவப்பு விளக்கு எரிந்தது. தீ மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இதேதான்," என்றார் விசில், ஏதோ அவரே கண்டுபிடித்ததைப் போல.

அத்தை ஹெட்போனைக் கழற்றினார். "முதல்ல டக்குனு ஒரு சத்தம். அதுக்கப்புறம்தான் இரைச்சல் நின்னுது."

டக் என்பது எண்ணெய் வால்வு மூடும் சத்தம் என்று விளக்கினார் தீ மேடம். தீ அணைந்தால் எண்ணெய் வீணாகக் கொட்டித் தேங்கக் கூடாது. அதனால் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

"தீ அணைஞ்சு வால்வு மூடினா, இரைச்சல் முதல்ல நிக்கணுமே. டக்கு பின்னாடி வரணும்."

"திரையிலயும் அப்படித்தான் வரும், மேடம். வால்வு மூடினதுக்கு அப்புறம்தான் சூடு இறங்கும். வெப்பமானி மெதுவா வேலை செய்யுற கருவி. நாங்க எப்பவும் அந்தத் தாமதத்தைக் கழிச்சுத்தான் பார்ப்போம்."

"வெப்பமானி லேட்டு, ஒத்துக்கறேன். என் காதுமா லேட்டு?"

தீ மேடம் கையை நீட்டினார். ஹெட்போனை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினார். மறுபடி மஞ்சள், மறுபடி வெறும் சன்னல், மறுபடி சிவப்பு. இந்த முறை கண்ணை மூடவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது.

நான் கேட்டேன்: "தீ அணைஞ்சிடுச்சுன்னு வால்வுகிட்ட யார் சொல்றது?"

"காவல் கண். தீயைப் பார்த்துக்கிட்டே இருக்கும் ஒரு ஒளிக்கருவி. தீ தெரியலைன்னா வால்வை மூடிடும். சிவப்பு விளக்கையும் அதுதான் போடும்."

"அதைப் பத்தி யாருமே சொல்லலையே."

"நீங்க எஞ்சின்ல என்ன மாறுச்சுன்னு கேட்டீங்க. அது எஞ்சின்ல சேராது. பாதுகாப்புப் பிரிவோடது."

தரையைக் காட்டினார். தொட்டியைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு உள்ளே இருப்பது சோதனைக்காரர்களுடையது. வெளியே இருப்பது பாதுகாப்புப் பிரிவுடையது. ஒருவர் பொருளை இன்னொருவர் தொடுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. காவல் கண், கோட்டுக்கு வெளியே ஒரு கம்பத்தில் நின்று, தனக்கென்று இருந்த குட்டிச் சன்னல் வழியாகத் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் மாறவில்லை என்று இங்கே எல்லோரும் சொன்னது பொய்யில்லை. கோட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை.

எல்லோரும் விசிலைப் பார்த்தோம். விசிலுக்கு மகிழ்ச்சி. கடைசியில் ஒருவராவது தன் வேலையைப் பற்றிக் கேட்டார்கள்.

பழைய கண் சரியில்லை என்றார். பிளக்கின் பொறியைப் பார்த்தே தீ, தீ என்று சொல்லிவிடும். எவ்வளவு ஆபத்து. அதனால் இந்த மாதம் அதை எடுத்துவிட்டு, நம்பகமான வேறொன்றை மாட்டினார். அந்தக் கட்டடத்தின் கொதிகலன் அறையில் பல வருடமாகத் தவறே செய்யாமல் வேலை செய்யும் அதே வகை.

"கொதிகலன்ல தீ என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"நல்ல மஞ்சள். தங்கம் மாதிரி."

தீ மேடம் எழுந்து நின்றார். "மேல என் தீ நீலம்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

அத்தைதான் அதை எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். "அப்போ ஆள் உயிரோடதான் இருந்திருக்கார். காவல்காரருக்குக் கண் தெரியலை. செத்துட்டாருன்னு சொல்லிச் சோத்தை நிறுத்திட்டார். நிறுத்தினதும் நிஜமாவே செத்துட்டார். வந்து பார்த்தவங்க எல்லாம், பாவம், காவல்காரர் சரியாத்தான் சொல்லியிருக்கார்னு போயிட்டாங்க."

பொறி வைத்தும் பற்றாததற்குக் காரணமும் அதுவே. பற்றியிருக்கிறது, ஒவ்வொரு முறையும். நீலமாகப் பற்றியதை மஞ்சளுக்குப் பழகிய கண் பார்க்கவில்லை. சில நொடி பார்த்துவிட்டு வால்வை மூடியிருக்கிறது.

விசில் வெளுத்துவிட்டார். "நான்தானே உங்களைக் கூப்பிட்டேன்," என்றார்.

"அதனாலதான் சீக்கிரம் முடிஞ்சுது. ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை பாருங்க," என்றார் அத்தை.

ஆனால் முடியவில்லை. இயக்குநர் வந்துவிட்டார். கையில் மடித்த உத்தரவு. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அழகான யோசனை என்றார். யோசனையை வைத்துக்கொண்டு எஞ்சின் பறக்காது, தனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

காவல் கண்ணை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்றார் தீ மேடம். காவல் இல்லாமல் எண்ணெய் திறக்க விதி இல்லை என்றார் விசில். விதி, விதி என்று இரண்டு பேரும் கோட்டின் இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். நான் ஒரு வழி சொன்னேன். கருவியின் கண்ணுக்குப் பதில் மனிதக் கண் காவல் இருக்கட்டும். சன்னலில் விசிலே நிற்கட்டும், எண்ணெயை நிறுத்தும் கைப்பிடியைப் பிடித்தபடி. தீ இல்லை என்று தோன்றினால் அவர் விசில் ஊதி மூடலாம். ஒரே நிபந்தனை, விளக்குகளை அணைக்க வேண்டும்.

விளக்கை அணைப்பதற்கு எதிராக இன்னொரு விதி இருந்தது. யாராவது தடுக்கி விழுந்தால் என்ன செய்வது என்றார் விசில். எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொள்ளலாம், உட்கார்ந்தவர் தடுக்கி விழ முடியாது என்றார் அத்தை. இயக்குநர் முதலில் உட்கார்ந்தார்.

ஸ்பார்க்கைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தார். மனைவி இருந்த பக்கம் பார்க்காமல் பொறி வைக்கும் பட்டன் பலகையின் முன் உட்கார்ந்தார். தீ மேடமும் அவர் பக்கம் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நானோ அத்தையோ அங்கே உட்காரவில்லை.

விளக்குகள் அணைந்தன. சன்னலில் மஞ்சள் தீ மட்டும் தெரிந்தது. விசிலின் மூக்கும் கன்னமும் அதில் மின்னின. பம்புகள் உறுமின. உயரம் ஏறியது. மஞ்சள் ஓரங்களில் கிழிந்தது. பிறகு நுனி போனது. பிறகு நடுவும் போனது. விசிலின் முகம் இருட்டில் மறைந்தது.

"போச்சு," என்றது அவர் குரல். விசில் உதட்டுக்குப் போன சத்தம் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அத்தை. "கண்ணு பழகட்டும்."

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் பழக நேரம் ஆகிறது, அவசரப்படுத்த முடியாது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, இருக்கிறதா இல்லையா என்று நிச்சயம் சொல்ல முடியாத ஒரு வெளிறல். பிறகு நீலம். துளைகளுக்கு நடுவே சுருண்டு, நடுங்கி, விடாமல் நின்றது. அத்தையின் கை என் முழங்கையைப் பிடித்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"இருக்கு," என்றார் விசில். கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னார். "இருக்கு சார். நிக்குது."

இன்னும் ஏற்றினார்கள். செத்ததாகச் சொன்ன உயரத்தைத் தாண்டியும் நின்றது. தீ மேடம் வேண்டுமென்றே எண்ணெயை நிறுத்தினார். நீலம் போனது, இரைச்சல் போனது. மறுபடி எண்ணெய் திறந்தார். இருட்டில், கணவரைப் பார்த்து, பல நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை சொன்னார்.

"வைங்க."

டிக், டிக், டிக். வெள்ளைப் பொறிகள். பிறகு பொறி நின்றது. நீலம் எழுந்து உட்கார்ந்தது. இயக்குநர் தொண்டையைச் செருமினார். இருட்டில் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது, ஒருமுறை நீளமாக, பிறகு குறுக்கே.

கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. அந்தக் காலி இடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து தீ மேடத்தின் குரல் வந்தது. மிகவும் தாழ்ந்த குரல். எங்களுக்குக் கேட்கக் கூடாதது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம், கேட்டது.

"உங்க பிளக் நல்லாத்தான் இருந்திருக்கு. நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன்."

"இருட்டுல சொன்னா யார் சொன்னதுன்னு தெரியலை," என்றார் ஸ்பார்க். "வெளிச்சத்துல சொல்லு."

இயக்குநர் மறுபடி செருமினார். அவர் செருமிய விதத்தில், தான் இங்கே இல்லை என்று தெரிவிக்க விரும்புவது புரிந்தது.

தீ மேடம் எழுந்தார். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனார். எதையோ தடுக்கினார், விசில் ஏதோ சொல்ல வாயெடுத்து அடங்கினார். கூரை விளக்குகள் அத்தனையும் பளீரென்று வந்தன. எல்லோரும் கண்ணைக் கசக்கினோம். அவர் சுவிட்சின் அருகிலேயே நின்று, இயக்குநர் முன்னால், விசில் முன்னால், எங்கள் முன்னால், சொன்னதை முதலிலிருந்து ஒரு வார்த்தை குறையாமல், கணவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இந்த முறை மெதுவாக.

சன்னலில் தீயைக் காணவில்லை. வெளிச்சம் அதைத் தின்றுவிட்டது. விசிலின் கை தன்னை அறியாமல் கழுத்துக்குப் போனது. அத்தை அந்தக் கையைப் பிடித்து இறக்கி, ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டார்.

"பார்க்காதீங்க," என்றார். "கேளுங்க."

விசில் உள்ளே இருந்த இரைச்சலைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினார்.